ஃப்ரீ என்றால் ஓசி மட்டும்தானா?

தமிழில் ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டு 'ஃப்ரீ' என்ற சொல்லை ஒருமுறைகூட உதிர்க்காமல் படுக்கப் போவது கஷ்டம். "சாயங்காலம் ஃப்ரீயா இருக்கியா?" என்று நண்பரைக் கேட்கிறோம். "ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்று ஜவுளிக்கடைக்காரர் கூப்பிடுகிறார். "கைப்பக்கம் கொஞ்சம் ஃப்ரீயா தைங்க" என்று தையல்காரரிடம் சொல்கிறோம். "மோஷன் ஃப்ரீயா போகுதா?" என்று டாக்டர் கேட்கிறார். முகம் வாடி உட்கார்ந்திருப்பவரின் தோளைத் தட்டி "ஃப்ரீயா விடு" என்கிறோம். இதிலெல்லாம் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. டாக்டர் கேட்ட கேள்விக்கு "இல்லைங்க, ஐந்நூறு ரூபா ஆச்சு" என்று பதில் சொன்ன நோயாளி இதுவரை பிறக்கவில்லை.

ஆனால் இதே சொல் பிஸ்கட் பாக்கெட்டிலும் கடன் விளம்பரத்திலும் கணினி மென்பொருளிலும் வந்து உட்காரும்போது கதை மாறிவிடுகிறது. 'சுகர் ஃப்ரீ' என்று படித்த தைரியத்தில் நாலு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளக்கூடிய எல்லாமே 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று நினைப்பவர்கள் கணினித் துறைக்குள்ளேயே ஏராளம். இரண்டுமே தப்பு. இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான்: ஃப்ரீ என்ற சொல் வேலை செய்யும் விதம் நமக்குப் பிடிபடாதது.

மா பூத்தது, மா வீழ்ந்தது

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இதற்கென்றே நூற்பாக்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட சொல்லுக்குப் 'பலபொருள் ஒருசொல்' என்று பெயர். அதை இரண்டு வகையாகப் பிரிக்கிறார் தொல்காப்பியர். பக்கத்தில் நிற்கும் வினையை வைத்தே பொருள் தெரிந்துவிடுவது ஒரு வகை. வினையை வைத்துப் பொருளைப் பிரிக்க முடியாதது இன்னொரு வகை.

'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது மாமரத்தையும் குறிக்கும், குதிரை முதலிய விலங்கையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் சந்தேகமே இல்லை, மரம்தான்; குதிரை பூக்காது. 'மா ஓடியது' என்றால் விலங்கு. ஆனால் 'மா வீழ்ந்தது' என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். வினை கைகொடுக்கவில்லை. அந்த இடத்தில் 'மாமரம் வீழ்ந்தது' என்று உடைத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறது இலக்கணம்.

அன்றாடப் பேச்சில் வரும் ஃப்ரீ எல்லாம் 'மா பூத்தது' வகை. சட்டையோடு வந்தால் தளர்வு, நேரத்தோடு வந்தால் ஓய்வு, கடையோடு வந்தால் காசில்லை. கூட நிற்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். வம்பெல்லாம் 'மா வீழ்ந்தது' வகையில்தான். அங்கே இரண்டு பொருளும் கச்சிதமாகப் பொருந்தும். கேட்பவர் தனக்குப் பழகிய பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனித்தால் பாதிச் சிக்கல் தீரும். ஃப்ரீ என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு காலியிடம் இருக்கிறது. 'எதிலிருந்து விடுபட்டது?' என்ற கேள்விக்கான விடைதான் அந்த இடத்தை நிரப்பும். ஃப்ரீயான சாயங்காலம் வேலையிலிருந்து விடுபட்டது. ஃப்ரீயான சட்டைக் கை இறுக்கத்திலிருந்து விடுபட்டது. டாக்டர் கேட்டது சிக்கலிலிருந்து விடுபட்டது. கடைக்காரர் சொன்னது விலையிலிருந்து விடுபட்டது. விடை வெளிப்படையாக இருக்கும்வரை சொல் சாது. விடையைச் சொல்லாமல் விட்டாலோ, கேட்பவர் வேறு விடையைப் போட்டுக்கொண்டாலோ அது விஷமம் செய்ய ஆரம்பிக்கிறது.

ஃப்ரீக்கு நம் ஊரில் ஒரு சொந்தக்காரர்

கொஞ்சம் வழி விலகிப் போகலாம், அதிக தூரம் இல்லை. ஃப்ரீ என்ற சொல் பிறந்தபோது அதற்குக் காசோடு சம்பந்தமே இல்லை. மொழியியலாளர்கள் காட்டும் வேர் 'அன்பு கொள்' என்ற பொருள் கொண்டது. அதே வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'ஃப்ரெண்ட்' வந்தது. சமஸ்கிருதத்தின் 'ப்ரிய'வும் அதே வேர்தான். அதைத்தான் நாம் பிரியம் என்று வாங்கி வைத்திருக்கிறோம். ஆக, பிரியமும் ஃப்ரீயும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அன்புக்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு? பழைய ஜெர்மானியச் சமூகத்தில் ஒரு வீட்டுக்குள் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள்: ரத்த சொந்தங்கள், அடிமைகள். 'நம்மவர், பிரியமானவர்' என்று அழைக்கப்பட்டவர்கள் அடிமையல்லாதவர்கள். நாளாக நாளாகப் 'பிரியமானவர்' என்ற சொல்லுக்கே 'அடிமையல்லாதவர்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். லத்தீனிலும் இதே போக்கு உண்டு: 'லிபெரி' என்றால் சுதந்திரமானவர்கள், வீட்டுப் பிள்ளைகள் என்று இரண்டு பொருள்.

காசில்லாமல் கிடைப்பது என்ற பொருள் வெகு பின்னால், 16ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் வந்து சேர்ந்தது. 'செலவிலிருந்து விடுபட்டது' என்ற சொற்றொடரில் 'செலவிலிருந்து' உதிர்ந்துபோய் 'விடுபட்டது' மட்டும் நின்றுவிட்டது. இன்று கடைசியாக வந்த அந்த விருந்தாளிதான் வீட்டுக்காரர் மாதிரி நடமாடுகிறார்.

சரி, இதுவரை வந்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஃப்ரீயின் அடிப்படைப் பொருள் 'விடுபட்டது'. எதிலிருந்து என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லும், அல்லது சொல்லாமல் ஏமாற்றும். இனி மூன்று ஃப்ரீக்களைத் தனித்தனியாகப் பார்ப்போம். முதலிரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம்.

முதல் ஃப்ரீ: 'இல்லை'

சுகர் ஃப்ரீ, குளூட்டன் ஃப்ரீ, டியூட்டி ஃப்ரீ. இங்கே ஃப்ரீக்கு முன்னால் இருக்கும் சொல் காலியிடத்தை நிரப்பிவிடுகிறது. விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடையில் சுங்க வரிதான் கிடையாது. சாக்லேட்டுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். இதில் யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் பில் கையில் வந்துவிடும்.

உணவுப் பாக்கெட்டில்தான் ஏமாறுகிறோம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையத்தின் விதிப்படி, 100 கிராமில் 0.5 கிராமுக்கு மிகாமல் சர்க்கரை உள்ள திடப்பொருளைச் சுகர் ஃப்ரீ என்று விற்கலாம். கோதுமையில் இருக்கும் புரதமான குளூட்டன் விஷயத்தில், குளூட்டன் ஃப்ரீக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதாவது சட்டத்தின் கண்ணில் இந்த ஃப்ரீ சுத்தமான பூஜ்யம் இல்லை, பூஜ்யத்துக்குப் பக்கத்து வீடு. அந்தத் துளியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி.

சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் சர்க்கரை இல்லை, சரி. மைதா? அது இருக்கிறது. மைதாவின் மாவுச்சத்து வயிற்றுக்குள் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. ரத்தச் சர்க்கரை பாக்கெட்டின் எழுத்தைப் படிப்பதில்லை. சர்க்கரைக்குப் பதிலாகப் பல தயாரிப்புகளில் மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைப் போடுகிறார்கள். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதை தராத இனிப்புப் பொருள் இது. மால்டிட்டாலில் சர்க்கரையின் கலோரியில் ஏறக்குறைய பாதி உண்டு. அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும் என்ற எச்சரிக்கையைச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சுகர் ஃப்ரீயை அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் டாக்டர் கேட்ட அந்த ஃப்ரீ தானாக வந்துவிடும்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது இன்னும் வேறு. வெளியிலிருந்து போடவில்லை என்று மட்டும் அர்த்தம். பேரீச்சம்பழ லட்டில் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடப் போடாமல் இருக்கலாம். பேரீச்சம்பழமே பெரும்பகுதி சர்க்கரைதான். அதற்குமேல் 'சுகர் ஃப்ரீ' என்று பலகை எழுதி வைக்கும் இனிப்புக் கடைகளை என்ன சொல்வது.

எதிலிருந்து விடுபட்டது என்று பாக்கெட் சொல்கிறது. எதிலிருந்து விடுபடவில்லை என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் பின்பக்கத்து ஊட்டச்சத்து அட்டவணை.

இரண்டாம் ஃப்ரீ: 'காசில்லை'

இங்கே விடுபட்டது விலையிலிருந்து. ஆனால் பொருளுக்கு ஆகும் செலவு ஆவியாகிவிடுவதில்லை. அது இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது. எனவே இந்த ஃப்ரீயைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி: யார் கொடுக்கிறார்கள்?

சில இடங்களில் விடை பளிச்சென்று தெரியும். 1800இல் தொடங்கும் டோல் ஃப்ரீ எண்ணுக்குக் கூப்பிட்டால் கட்டணம் அழைக்கப்பட்ட நிறுவனத்தின் தலையில் விழுகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்கள் காசில்லாமல் போகிறார்கள். போக்குவரத்துக் கழகங்களுக்கு அந்தத் தொகையை அரசு ஈடுகட்டுகிறது. தேடுபொறியும் சமூக வலைத்தளமும் நம்மிடம் வாங்காத காசை விளம்பரதாரரிடம் வாங்குகின்றன.

வட்டியில்லா மாதத் தவணை, அதாவது 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில்தான் விடை ஒளிந்திருக்கிறது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்ற கருத்தை ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. பிறகு எப்படி விளம்பரம் வருகிறது? வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரரோ தயாரிப்பாளரோ விலையில் கழித்துவிடுகிறார். கூட்டிக் கழித்தால் பழைய விலைக்கே வந்து நிற்கும். ஆனால் மொத்தமாகக் காசு வைத்து வாங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி போச்சு. கடன் அட்டையில் வாங்கினால் அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பில்லில் தனி வரியாக வந்து நிற்கும். அட்டை பில்லை ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள், 'இல்லாத' வட்டிக்கு வரி கட்டியிருப்பது தெரியும்.

இந்த இரண்டாம் ஃப்ரீக்குத் தமிழில் இலவசம் என்று நல்ல சொல் இருக்கிறது, ஓசி என்று நக்கலான சொல்லும் இருக்கிறது. 2011க்குப் பிறகு தமிழ்நாடு அரசின் திட்டப் பெயர்களில் இலவசம் போய் 'விலையில்லா' வந்தது: விலையில்லா அரிசி, விலையில்லா மிதிவண்டி, விலையில்லா ஆடு. வாங்குகிறவரின் தன்மானம் கெடாத சொல் என்ற வகையில் அது நல்ல தேர்வு. ஆங்கிலத்தில் அப்படியே சொல்லுக்குச் சொல் போட்டால்தான் விலைமதிக்க முடியாத ஆடு என்று ஆகிவிடும்.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். முதல் ஃப்ரீக்கு 'எது இல்லை?' என்ற கேள்வி. இரண்டாம் ஃப்ரீக்கு 'யார் காசு?' என்ற கேள்வி. மூன்றாவதுதான் தகராறு பிடித்தது.

மூன்றாம் ஃப்ரீ: 'தடையில்லை'

'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பது சுத்தமான 'மா வீழ்ந்தது'. மென்பொருள் காசில்லாமலும் கிடைக்கலாம், கட்டுப்பாடில்லாமலும் கிடைக்கலாம். இந்தப் பெயரை வைத்தவர்கள் சொல்ல வந்தது இரண்டாவதை. உலகம் கேட்டுக்கொண்டது முதலாவதை.

கதை ஒரு பிரிண்டரில் தொடங்குகிறது. 1980வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. பிரமாதமான கருவி, ஆனால் காகிதம் சிக்கிக்கொள்ளும். பிரிண்டர் ஒரு மாடியில், கணினிக்காரர்கள் வேறு மாடியில். காகிதம் வந்திருக்கும் என்று நம்பி இறங்கிப் போய்ப் பார்த்தால் யாரோ ஒருவருடைய நாலாவது பக்கத்தில் அது முட்டிக்கொண்டு நிற்கும். முந்தைய பிரிண்டரில் இதே தொல்லை இருந்தபோது, அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை இயக்கும் கட்டளைகளை, அதாவது அதன் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் அச்சுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோருடைய திரையிலும் செய்தி வருமாறு செய்திருந்தார். புதிய பிரிண்டரிலும் அதையே செய்யப் பார்த்தார். முடியவில்லை. ஜெராக்ஸ் நிரலை மூடி வைத்திருந்தது. அது இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது.

காசு என்று பார்த்தால் அந்தப் பிரிண்டர் முழுக்க முழுக்க ஃப்ரீ. ஸ்டால்மனைப் பொறுத்தவரை அது கொஞ்சம்கூட ஃப்ரீ இல்லை.

இங்கே இரண்டு கலைச்சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். மனிதர்கள் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தில் எழுதப்பட்ட நிரலுக்கு மூலநிரல் என்று பெயர். அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித்தான் நமக்குக் கொடுக்கிறார்கள். இந்த மென்பொருளை நீ என்னவெல்லாம் செய்யலாம், என்னவெல்லாம் கூடாது என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் சட்டப்படியான அனுமதிக்கு உரிமம் என்று பெயர். நாம் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறோமே, அது.

சாம்பார்ப் பொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் பாக்கெட்டாக வாங்குகிறோம். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பின்னால் பட்டியல் இருக்கும், எது எவ்வளவு என்று இருக்காது. வீட்டில் ஒருவருக்குக் காரம் ஆகாது என்றால் அந்தப் பொடியிலிருந்து மிளகாயை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. இதுதான் ஓடும் வடிவத்தில் மட்டும் கிடைக்கும் மென்பொருள். பெரியம்மா ஒரு தாளில் 'மல்லி அரைக் கிலோ, மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பு ஒரு கைப்பிடி' என்று எழுதிக் கொடுத்தால் விஷயமே வேறு. மிளகாயைக் குறைத்து, மிளகைக் கூட்டி, மில்லில் அரைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்கும் அந்தத் தாளை நகலெடுத்துக் கொடுக்கலாம். அந்தத் தாள்தான் மூலநிரல். கடைக்காரர் பாக்கெட்டைக் காசே வாங்காமல் கொடுத்தாலும் தாள் நம் கைக்கு வருவதில்லை.

யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளை உருவாக்க ஸ்டால்மன் 1983இல் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1985இல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உருவானது. ஒரு மென்பொருளை ஃப்ரீ என்று அழைக்க அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலில் விலை என்ற சொல்லே கிடையாது. நான்கு சுதந்திரங்கள்தான் உண்டு. எந்த நோக்கத்துக்கும் அதை ஓட்டலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்துத் தேவைப்படி மாற்றலாம். நகலெடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம். மாற்றிய வடிவத்தையும் கொடுக்கலாம். கணினிக்காரர்கள் அல்லவா, இந்த நான்குக்கும் 0, 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதும் நான்காவதும் நடக்க வேண்டுமானால் மூலநிரல் கையில் இருந்தாக வேண்டும்.

ஒருவர் இதைப் பெற்றுக்கொண்டு, நாலு வரி சேர்த்து, மூடி முத்திரை வைத்து விற்றுவிட்டால்? அதற்குத்தான் 1989இல் ஜிபிஎல் என்ற உரிமம் வந்தது. என் படைப்பை நகலெடுக்காதே என்று தடுக்கும் அதிகாரத்தைப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளிக்குக் கொடுக்கிறது. ஜிபிஎல் அந்த அதிகாரத்தைத் தூக்கி எறியவில்லை, திருப்பிப் பிடித்தது: நகலெடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கொள், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் இதே அனுமதிகளோடு சேர்த்துக் கொடு, கொடுக்காவிட்டால் உன் அனுமதி ரத்து. தாளை வாங்கிப் பொடியை மேம்படுத்தியவர், பொடியை விற்கும்போது தன் புதிய தாளையும் கூடவே தர வேண்டும் என்பது மாதிரி. இந்த ஏற்பாட்டுக்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர். இந்த நான்கு சுதந்திரங்களைத் தரும் எல்லாக் கட்டற்ற உரிமங்களும் இந்த நிபந்தனையைப் போடுவதில்லை. போடுபவற்றில் ஜிபிஎல்தான் பிரபலம்.

இது காகிதத்தில் மட்டும் இருந்த மிரட்டல் அல்ல. லிங்க்சிஸ் என்ற நிறுவனத்தின் நீலமும் கறுப்புமான வைஃபை ரூட்டர் ஒன்று 2003இல் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அதற்குள் ஜிபிஎல் உரிமம் கொண்ட லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். அப்படியென்றால் மூலநிரல் எங்கே என்று கேள்வி எழுந்தது. நிறுவனம் கடைசியில் அதை வெளியிட்டது. அந்த நிரலை அடித்தளமாக வைத்து வளர்ந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள். இன்றைக்கும் பழைய ரூட்டர்களுக்கு மறுவாழ்வு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கையிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனின் அமைப்புகளுக்குள் போய், ஃபோனைப் பற்றிய பகுதியில் சட்டத் தகவல் என்பதைத் திறந்தால், உரிமங்களின் பட்டியல் விரலால் தள்ளத் தள்ளத் தீராமல் ஓடும். தொலைக்காட்சிப் பெட்டியிலும் பெரும்பாலும் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் அது.

விலைக்கு விற்ற ஃப்ரீ

கட்டற்ற மென்பொருளை விற்கலாமா? தாராளமாக. ஸ்டால்மன் தான் எழுதிய ஈமாக்ஸ் என்ற மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வாங்கியவருக்கு நான்கு சுதந்திரங்களும் கிடைத்தன, 150 டாலர் மட்டும் போனது. லினக்ஸை வைத்துத் தொழில் செய்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 34 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. ரெட் ஹேட் விற்றது பராமரிப்பையும் உத்தரவாதத்தையும். நிரல் திறந்தேதான் இருந்தது.

எதிர்த்திசையிலும் உதாரணம் ஏராளம். வாட்ஸ்அப்புக்கு நாம் காசு கொடுப்பதில்லை. அதன் செயலியைப் பிரித்துப் பார்த்து மாற்றிப் பகிரும் உரிமையும் நமக்கு இல்லை. காசு வாங்காமல் கொடுக்கும் இப்படிப்பட்ட மூடிய மென்பொருளுக்கு 'ஃப்ரீவேர்' என்று தனிப் பெயர் உண்டு. ஃப்ரீவேரும் ஃப்ரீ சாஃப்ட்வேரும் கேட்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் அவற்றுக்குள் உறவே இல்லை. காசும் வாங்காமல், கட்டும் போடாமல் வருபவையும் உண்டு: வீடியோ பார்க்க விஎல்சி, இணையத்தில் உலவ ஃபயர்பாக்ஸ், ஆவணம் எழுத லிப்ரே ஆபிஸ். குழப்பம் தீராமல் இருப்பதற்கு இவைதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றும். இரண்டு ஃப்ரீயும் ஒரே பொட்டலத்தில் வந்தால் எது எது என்று யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

இரண்டு பொருளும் ஒரே பெட்டிக்குள் மோதிக்கொண்ட காட்சியைப் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியைப் பாருங்கள். அந்தக் கணினிகளில் விண்டோஸும் இருந்தது, இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. கணினியே விலையில்லா வகை. உள்ளே இருந்த விண்டோஸ் மூடிய மென்பொருள், அதற்கு அரசு காசு கட்டியது. பக்கத்திலேயே இருந்த பாஸ் கட்டற்றது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் திரையில் பெரும்பாலான பிள்ளைகள் எதை அழுத்தியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடைத்துச் சொன்னவர்கள்

'மாமரம் வீழ்ந்தது' என்று உடைத்துச் சொல்லும் வேலையை ஆங்கிலக்காரர்கள் தாமதமாகத்தான் ஆரம்பித்தார்கள். ஸ்டால்மனின் ஆட்கள், இது 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற பேச்சுரிமையில் வரும் ஃப்ரீ, 'ஃப்ரீ பீர்' என்ற ஓசி பீரில் வரும் ஃப்ரீ இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். வியாபாரிகள் ஃப்ரீ என்றாலே மிரள்கிறார்கள் என்று 1998இல் வேறு சிலர் புதிய பெயர் தேடினார்கள். கிறிஸ்டின் பீட்டர்சன் சொன்ன 'ஓப்பன் சோர்ஸ்' நிலைத்தது. மூலநிரல் திறந்திருக்கிறது என்ற அளவில் தெளிவான பெயர்தான். சுதந்திரம் என்ற கொள்கையை அது மறைத்துவிடுகிறது என்று ஸ்டால்மன் இன்றும் அதை ஏற்பதில்லை. இன்னும் சிலர் பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளிலிருந்து 'லிப்ரே'யைக் கடன் வாங்கினார்கள். அந்த மொழிகளில் லிப்ரே என்றால் சுதந்திரம், காசில்லாததற்கு வேறு சொல். 2010இல் பிறந்த லிப்ரே ஆபிஸுக்குப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தமிழுக்கு இந்தத் தலைவலி இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று பிறப்பிலேயே பிரிந்திருக்கின்றன. கணினித் தமிழில் உழைத்தவர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று புழங்கியதால் அந்தப் பிரிவு அப்படியே காப்பாற்றப்பட்டது. ஆங்கிலத்திலிருந்து யோசித்து 'இலவச மென்பொருள்' என்று மொழிபெயர்க்கும்போதுதான் இல்லாத தலைவலியை விலைக்கு வாங்குகிறோம்.

இந்தியாவில் இந்தக் குழப்பம் ஒருமுறை தெருவுக்கே வந்தது. ஃபேஸ்புக் தன் இணையத் திட்டத்துக்கு 2015இல் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் வைத்தது. சில குறிப்பிட்ட தளங்களைத் தரவுக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். பெயரில் இருந்தது இரண்டாம் ஃப்ரீ. எதிர்த்தவர்கள் கேட்டது மூன்றாம் ஃப்ரீ: எந்தத் தளத்தைப் பார்க்கலாம் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்தால் இணையம் எப்படித் திறந்ததாக இருக்கும்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று விதி போட்டது. ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் மூட்டை கட்டியது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றுதான் அழைத்துக்கொள்கிறது, இலவசக் கலைக்களஞ்சியம் என்று அல்ல. அதிலிருந்து நூறு கட்டுரைகளை எடுத்து அச்சடித்து, அட்டை போட்டு, புத்தகக் காட்சியில் முந்நூறு ரூபாய்க்கு ஒருவர் விற்றால் "ஓசியில எடுத்து விக்கிறான் பாருங்க" என்று கோபப்படத் தோன்றும். கட்டுரைகளின் உரிமம் அதை அனுமதிக்கிறது. எங்கிருந்து எடுத்தேன் என்று அவர் சொல்ல வேண்டும், எதை மாற்றினேன் என்று குறிப்பிட வேண்டும், தன் புத்தகத்திலுள்ள அந்தக் கட்டுரைகளையும் அதே உரிமத்தில் விட வேண்டும். படங்களுக்கு மட்டும் தனித்தனி உரிமம் இருக்கலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு அவர் முந்நூறு ரூபாய் கேட்டால் தப்பில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிய நீங்கள், கட்டுரைகளை அப்படியே நகலெடுத்து நூறு ரூபாய்க்கு விற்றாலும் தப்பில்லை.